ஆறரை இஞ்சுக் கட்டில்

வாயைத் திறந்தால் மூடாதவர், வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காதவர், வழி கேட்டால் வரலாறு சொல்பவர் என்று மனிதரில் எத்தனையோ ரகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றிரண்டு பேர் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள். ஆனால் சின்னச் சாமான்காரர் என்கிற இனத்தைக் கண்டதுண்டா? இடுப்பு உயரத்துக்கு ஒரு பொம்மை வீட்டைக் கட்டி, அதற்குள் கட்டைவிரல் உயர நாற்காலி, நகத்தளவு தட்டு, மிளகளவு தம்ளர், நிஜமாகவே திறந்து மூடுகிற கதவு, சட்டைப் பொத்தான் பருமனில் ஒரு சுவர்க்கடிகாரம் என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய அத்தனையையும் தன் கையாலேயே செய்து அடுக்கி, குடித்தனம் செய்ய மட்டும் ஆள் இல்லாமல் வைத்திருப்பார்களே, அவர்கள்தான்.

சாதுவான இனம். குடிக்காது. சீட்டாடாது. அடுத்த வீட்டுச் சண்டையில் தலையிடாது. ஒரே ஓர் ஆபத்துதான் உண்டு. காட்டும்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். இவர்கள் கண்ணில் படுகிற எதுவும் அதுவாக இருப்பதில்லை. பற்பசை மூடி உங்களுக்கு மூடி, அவருக்குப் பூந்தொட்டி. எரிந்துபோன தீக்குச்சி உங்களுக்குக் குப்பை. அவருக்கு மாடிக் கைப்பிடியின் அடுத்த கம்பி. உடம்பு சரியில்லாத சிநேகிதரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். கண் மட்டும் மருந்துப் புட்டியின் மேலேயே இருக்கும். “டாக்டர் என்ன சொல்றார்?” என்று கேட்கவேண்டிய இடத்தில், “இந்த மருந்து எப்ப தீரும்?” என்று கேட்பார். படுத்திருப்பவர் உருகிப்போவார், நம் மேல் இந்த மனுஷனுக்கு எவ்வளவு கரிசனம் என்று. கரிசனம் மூடியின் மேல்.

இவர்கள் வீட்டுக்கு நீங்கள் தெரியாத்தனமாகப் போய்விட்டால் நடப்பது இதுதான். வாசலில் நிற்கும்போதே, “வாங்க வாங்க, ஒரே நிமிஷம், இதைப் பாத்துட்டு உக்காருங்க” என்பார். கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுப்பார். தான் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்வார். நீங்கள் குனிவீர்கள்.

“தொடாதீங்க. கண்ணால பாருங்க. இதுல என்ன விசேஷம்னு சொல்லுங்க பாப்போம்?”

“அலமாரி.”

“அலமாரி சரி. அலமாரிக்குள்ள?”

“துணி மடிச்சு வெச்சிருக்கு.”

“துணி சரி. துணிக்கு இடையில?”

இதற்குள் உங்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். துணிக்கு இடையில் என்ன இருந்தால் உங்களுக்கென்ன? விடமாட்டார். “அந்துருண்டைங்க! கடுகுக்கு வெள்ளைச் சாயம் பூசி வெச்சிருக்கேன்!” கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். வெள்ளையடித்தாலும் போகாது என்பதை நிமிர்கிறபோது உங்கள் இடுப்பு சொல்லும். நீங்கள் “அடேங்கப்பா” என்று சொல்லவேண்டும். ஒன்று போதாது. ஒற்றை அடேங்கப்பாவோடு எந்த விருந்தாளியையும் இந்த இனம் வெளியே விட்டதாகச் சரித்திரம் இல்லை.

இந்த இனத்திலேயே முற்றிய ஒருவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முன்னறை கடை, பின்னறைகள் வீடு. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். கையில் நுண்ணிய திருப்புளி, இடுக்கி, உடைந்த சட்டங்கள், கழற்றிப்போட்ட குட்டித் திருகாணிகள். பூனையிடம் பாலைக் கொடுத்துக் காவல் வைத்தது போல அந்தத் தொழில் அவருக்கு அமைந்துவிட்டது.

கண் பரிசோதிக்க எழுத்துப் பலகை ஒன்று சுவரில் தொங்கத்தான் தொங்கியது. அதை யார் பார்க்கச் சொன்னார்? வந்தவரை நேரே நடு அறைக்கு அழைத்துப்போய்ப் பொம்மை வீட்டின் மாடியறைச் சுவரைக் காட்டுவார்.

“அந்த நாள்காட்டியில தேதி தெரியுதா?”

“நாள்காட்டியா? சுவரே இப்பதான் தெரியுது.”

“அப்ப கண்ணாடி போட்டே ஆகணும்.”

கழுகைக் கூட்டி வந்தாலும் கண்ணாடியோடுதான் திருப்பி அனுப்புகிற பரீட்சை.

குட்டி வீட்டில் கதவுகள் திறந்தன, ஜன்னல்கள் மூடின, பரண் ஏணி மடிந்தது. பெரிய வீட்டிலோ கொல்லைக் கதவு மூடாது. சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தது. சமையலறையில் ஜன்னல் வைக்கவேண்டும் என்று அவர் மனைவி கேட்க ஆரம்பித்தபோது இருந்த நகரசபை இப்போது இல்லை.

“அது பெரிய வேலைம்மா” என்பார் கண்ணாடிக்காரர்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அந்த அம்மாள், குட்டி வீட்டின் மிளகளவு தம்ளரை எடுத்து அதில் ஒரு சொட்டு டீயை ஊற்றி, “இந்தாங்க, உங்க அளவுக்கு” என்று நீட்டினாள். ரோஷம் வரும் என்று பார்த்தாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். “ஏய், ஆவி பறக்குதுடி!” என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட ஓடினார். வருவதற்குள் ஆறிப்போயிற்று என்பதுதான் அவருக்கு அன்றைக்கு வருத்தம்.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு வேதம் உண்டு: ஓர் அடிக்கு ஓர் இஞ்சு. பெரிய உலகத்தில் அடியாக இருப்பதெல்லாம் சின்ன உலகத்தில் இஞ்சாக வேண்டும். ஆறடிக் கதவு ஆறு இஞ்சு, மூன்றடி மேஜை மூன்று இஞ்சு. வருஷக்கணக்காக இப்படியே அளந்து அளந்து கண்ணாடிக்காரரின் நாக்கிலிருந்து அடி என்ற சொல்லே உதிர்ந்துவிட்டது. “எதிர்வீட்டு மாப்பிள்ளை நல்ல உயரம். அஞ்சே முக்கால் இஞ்சு இருப்பார்” என்று கூசாமல் சொல்வார். கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்த இஞ்சு ஒருநாள் அவர் குடும்பத்தையே பதம் பார்க்கும் என்று யார் கண்டார்?

கண்ணாடிக்காரருக்கு ஒரே அக்கா. தாய் கண்ணை மூடியபோது இவர் தவழ்கிற பிள்ளை. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள், தான் பள்ளிக்கூடத்தை விட்டு இவரைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்தது அவர்களுடைய அத்தையின் கொழுந்தன் மகனுக்கு. அந்தக் கொழுந்தனுக்குப் பெண் கொடுத்த வீடுதான் கண்ணாடிக்காரர் மனைவிக்குத் தாய்மாமன் வீடு. ஆகையால் அக்காவோடு ஒரு மனஸ்தாபம் வந்தால் நெருப்பு ஒரு பக்கம் எரியாது. கயிற்றின் இரண்டு முனையிலும் எரியும்.

எரிந்தும் இருந்தது. முன்பு ஒரு தடவை அக்கா தங்க வந்தாள். நல்ல தேக்குக் கட்டில் ஒன்று அப்போது வீட்டில் இருந்தது. அதற்கு அடியில் குறுக்குச் சட்டங்கள். குட்டி வீட்டுக்கு மாடிப்படி செய்ய நேர்த்தியான மரம் தேடிக்கொண்டிருந்த நம் ஆள், கட்டிலுக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தச் சட்டங்களில் சிலதை அறுத்து எடுத்துவிட்டார். யாரும் பார்க்கவில்லைதான். அக்கா படுத்தாள். படுத்தவள் படுத்தபடியே தரையில் இருந்தாள். சுற்றிலும் கட்டில் மட்டும் சட்டம் போட்ட படம் மாதிரி நின்றது.

“நான் படுக்கிற கட்டிலை அறுத்துப் பொம்மைக்குப் படி கட்டினவன் வீட்டு வாசப்படியை இனிமே மிதிக்க மாட்டேன்” என்று எழுந்து போனாள். போகிற போக்கில், “அக்கா, ஒரே நிமிஷம், அந்தப் படியை மட்டும் பாத்துட்டு...” என்று இவர் பின்னாலேயே போனதையும் சொல்லிவிடவேண்டும். பார்க்கவில்லை. சொந்தத்தில் அந்த வீட்டைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். இவருக்கு அதுவும் நெஞ்சில் ஒரு முள்.

பல வருஷம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. தம்பிக்கு அல்ல, தம்பி மனைவிக்கு. முட்டியில் அறுவை சிகிச்சை; ஆஸ்பத்திரி தம்பி ஊரில்; மகனுக்குக் கப்பலில் வேலை, கரைக்கு வர மாதங்கள் ஆகும். தரையில் உட்காரவோ படுக்கவோ கூடாதென்று டாக்டர் உத்தரவு.

“உன் புருஷன்கிட்ட சொல்லும்மா. எனக்குன்னு ஒரு கட்டில் இருந்தா வரேன். இல்லன்னா வேற யார் வீட்டுலயாவது கிடந்துட்டு ஊருக்குப் போயிடறேன். அதுக்கப்புறம் அக்கான்னு ஒருத்தி இருந்தாங்கறதை அவன் மறந்துடட்டும்.”

மனைவி வந்து சொன்னதைக் கண்ணாடிக்காரர் கடையில் உட்கார்ந்து கேட்டார். கண் நிறைந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரர், “உங்களுக்கும் பவர் ஏறிடுச்சா?” என்று கேட்டார்.

“என்னங்க, இது கடைசி வாய்ப்பு” என்றாள் மனைவி. “நாம பாயிலயே படுத்துப் பழகிட்டோம். அண்ணிக்கு அது முடியாது. நல்ல கட்டிலா, ஆடாத கட்டிலா வந்தாகணும். இதுல சொதப்பினீங்க, உங்க பக்கமும் போச்சு, என் பக்கமும் போச்சு.”

“நானே போய் அளவு சொல்லிட்டு வரேன்” என்றார். அங்கேதான் பிசகியது.

தச்சர் கடை இரண்டு தெரு தள்ளி. குட்டி வீட்டுக்கு வேண்டிய துண்டு மரமெல்லாம் அங்கிருந்துதான் வரும். தச்சருக்கு இவரும் பழக்கம், இவர் கிறுக்கும் பழக்கம்.

“அக்காவுக்கு ஒரு கட்டில் வேணும்ப்பா. நீளம் ஆறரை, அகலம் மூணு, உயரம் ஒண்ணே முக்கால். உயரம் முக்கியம். அக்காவுக்கு முட்டி மடங்காது.”

“ஆறரை...?” என்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார் தச்சர். “இஞ்சுங்களா அண்ணே?”

“இஞ்சுதான், பின்னே என்ன? அளவு ஒரு நூல் பிசகினாலும் அக்கா வந்த வழியே போயிடும். நாலு காலும் உறுதியா இருக்கணும்.”

தச்சர் தலையாட்டினார். பொம்மை வீட்டில் புதிதாக ஒரு பொம்மையை வாங்கி வைத்து அதற்கு அக்கா என்று பேரும் வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டார். முட்டி மடங்காது என்றது பொருத்தமாகவே இருந்தது. பொம்மைக்கு எங்கே மடங்கும்? இதைவிடப் பெரிய விசித்திரமெல்லாம் அவர் கண்ணாடிக்காரரிடம் கண்டவர்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நாள். வீடு கழுவித் துடைத்து, புது மெத்தை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்து, கட்டிலுக்கு இடம் ஒழித்துப் புருஷனும் பெண்சாதியும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தச்சர் சைக்கிளில் வந்து இறங்கினார். மனைவி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“வண்டி பின்னால வருதா?”

“எந்த வண்டி?”

“கட்டில் ஏத்தின வண்டி.”

தச்சர் சைக்கிளில் தொங்கிய பைக்குள் கையை விட்டார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “அண்ணன் சொன்ன அளவு. நூல் பிசகல.”

அந்த அம்மாள் மெத்தையின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

கண்ணாடிக்காரருக்கு என்ன சொன்னோம், எப்படிச் சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கை, பழக்க தோஷம், பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தது.

“அடப்பாவி! நாலு காலும் கடைசல் போட்டிருக்கியேப்பா!”

“என்னங்க!”

“இல்ல, தப்புதான். பெரிய தப்பு. ஆனா இந்தத் தலைமாட்டுல செதுக்கியிருக்கிற பூவைக் கொஞ்சம்...”

“என்னங்க!!”

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது.

ஓட்டுநர் ஒரு பக்கம் தாங்க, ஊன்றுகோல் ஒரு பக்கம் தாங்க, அக்கா உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். வந்ததும் அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

“கட்டில் எங்கடா?”

தச்சர் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்காரர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து விரித்தார்.

அக்கா பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தாள்.

“விரலுக்குத் தகுந்த வீக்கம்னு கேள்விப்பட்டிருக்கேன். விரலுக்குத் தகுந்த கட்டிலை இப்பதான் பாக்கறேன்.” சிரிக்காமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. “வண்டிக்காரரே, கிளம்பிடாதீங்க. நானும் வரேன்.”

அவள் திரும்புவதற்குள் மூன்று பேருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. நடு அறையில் ஒரு நீள மேஜை. கண்ணாடிக்காரரின் மாமனார் தையற்காரர். அவர் காலமெல்லாம் துணி வெட்டிய பலகை. ஆள் நீளம், ஆள் புரளுகிற அகலம், முட்டிக்கு ஒரு சாண் மேலே உயரம். யானை ஏறினாலும் அசையாது. அதன் மேல்தான் குட்டி வீடு உட்கார்ந்திருந்தது. அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்த வீடு. அதை நகர்த்துவது என்ற பேச்சையே அந்தக் குடும்பத்தில் யாரும் எடுத்ததில்லை. தூசி தட்டுவதற்கே அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

மனைவி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அக்கா வாசல்வரை போய்விட்டாள்.

“அந்தப் பக்கம் பிடிப்பா” என்றார் கண்ணாடிக்காரர்.

“அண்ணே, தூக்கினா உள்ள எல்லாம் சரிஞ்சிடும்ணே” என்றார் தச்சர்.

“சரியட்டும். பிடி.”

தூக்கினார்கள். உள்ளே தகரத்தில் மழை பெய்வது மாதிரி ஒரு சத்தம். தட்டு, தம்ளர், நாற்காலி, அலமாரி, அந்துருண்டை, கடிகாரம், இத்தனை வருஷத்துக் குடித்தனம் ஒரு மூலைக்கு ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு முக்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் வீட்டை இறக்கினார்கள். இறக்கியதும் அவர் அதற்குள் குனிந்து பார்க்கவில்லை. மெத்தையை இழுத்து மேஜை மேல் விரித்தார். தானே முதலில் ஏறிப் படுத்தார். புரண்டார். குதித்தும் பார்த்தார். பிறகு வாசலுக்கு ஓடினார்.

“அக்கா, ஆடலக்கா. நான் படுத்துப் பாத்துட்டேன். சத்தியமா சொல்றேன், இதுல நான் ஒரு சிம்புகூட எடுக்கல.”

அக்கா அவரைப் பார்த்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, கக்கத்தில் இன்னும் அந்தக் கட்டிலை இடுக்கிக்கொண்டு நின்றார். முந்தானையால் அந்தப் பஞ்சைத் தட்டிவிட்டாள்.

“வண்டிக்காரரே, நீங்க போயிட்டு வாங்க.”

“எங்கப்பா மேஜை. இப்பவாவது ஒரு மனுஷிக்கு உபயோகப்பட்டுச்சே” என்று சொல்லிக்கொண்டே மனைவி டீ போடப் போனாள்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் செய்ததுதான் அவர் ஆயுசிலேயே பெரிய காரியம். குட்டி வீட்டுக்கு எதிரிலேயே, அதுவும் எழுந்து ஓடமுடியாத ஒரு விருந்தாளி படுத்திருக்கிறாள். இவர் ஒரு வார்த்தை, “பாருங்க” என்று சொல்லவில்லை. வாய் திறக்கும், மூடும். மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துப்போட்ட மாதிரி இருந்தார். பூதக்கண்ணாடியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

அக்காவுக்குப் பொழுது போகவில்லை. ஒரு மத்தியானம் இப்படிப் புரண்டாள். முக்காலி மேல் இருந்த வீடு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

“டேய், இங்க வா.”

வந்தார்.

“இந்தச் சமையலறையில ஒரு ஜன்னலைக் காணோமே. புகை எங்கடா போகும்?”

“அக்கா, அது பொம்மை வீடுக்கா...”

“பொம்மைன்னா இருமாதா? பேசாம ஒரு ஜன்னல் வை. அப்படியே அந்தப் பூதக்கண்ணாடியை எடு.”

அவ்வளவுதான். முடிந்தது கதை. இரண்டு நாளில் இடுக்கி அவள் கைக்குப் போயிற்று. சரிந்து கிடந்த தட்டுமுட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் இஷ்டத்துக்கு அடுக்கினாள். ஆறரை இஞ்சுக் கட்டிலை மாடியறையில் போட்டு அதற்கு மெத்தை தைத்தாள், போர்வை பின்னினாள், தலையணைக்கு உறை போட்டாள். முட்டியை மடக்கப் பழக்குகிற பெண் வந்து, “மெதுவா மடக்குங்கம்மா” என்று கெஞ்சத் தேவையே இல்லாமல் போயிற்று. கீழ் அறையைப் பார்க்க அவளே மடக்கினாள். பெரிய கட்டிலும் ஒருவழியாக வந்தது. அடிதானா, அடிதானா என்று தச்சர் நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் மரத்தில் கையை வைத்தார். அக்கா அதைக் குட்டி வீட்டுக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லிவிட்டாள்.

நலம் விசாரிக்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

“முட்டி எப்படி இருக்கு?”

“முட்டி எங்க போயிடப்போகுது? ஒரே நிமிஷம், இதை முதல்ல பாரு. தொடாத, கண்ணால பாரு.”

பின்னால் நின்ற கண்ணாடிக்காரர் ஆசையை அடக்கமுடியாமல், “அதுல என்ன விசேஷம்னா...” என்று ஆரம்பிப்பார்.

“நீ சும்மா இருடா. நான்தானே சொல்லிட்டிருக்கேன்?”

தன் வீட்டிலேயே டீத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார் மனுஷர். ஆனாலும் முகத்தைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அக்கா இன்னும் ஒரு மாசம் இருப்பதாகச் சொல்லிவிட்டாளே.

மனைவிதான் ஒருநாள் சந்தர்ப்பம் பார்த்துக் கேட்டாள். “அண்ணி, புகை எங்க போகும்னு கேட்டீங்களே. என் அடுப்புக்கு எதிர்லயும் ஜன்னல் இல்லியே. உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“அதெல்லாம் பெரிய வேலைம்மா” என்றாள் அக்கா, கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்காமலே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லவேளை, நம் வீட்டில் இந்த மாதிரி ஒரு வீடு இல்லை என்று காலை நீட்டிக்கொள்வதும் தெரிகிறது. தாராளமாக நீட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன விசாரணை. கடைசியாக உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தாரே, அவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் எதைக் காட்டினீர்கள்? பேரன் தவழ்கிற படமா? ஒன்றா, நாற்பதா? புதுசாக மொட்டு விட்ட ரோஜாச் செடியா? டாக்டர் உங்கள் வயிற்றிலிருந்து எடுத்துப் புட்டியில் போட்டுக் கொடுத்த கல்லா? அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். பாவம், வேறென்ன சொல்லமுடியும்? அதை விடுங்கள். கிளம்பும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாரா, கையில் எடுத்துக்கொண்டு ஓடினாரா? அதை மட்டும் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.